கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை

காலை ஏழே முக்காலுக்கு அவன் ரத்த வங்கியின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தான். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் தங்கையின் மாற்றுத்துணிப் பை. மூன்றாம் மாடிக்குப் போகிற வழியில் கீழ்த்தளத்தையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தான்.

அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தைக் கட்டியவர்களிடம், இங்கே மனிதர்கள் மூச்சு விடப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட்தான். சுவரில் ஈரம் ஏறி, பெயின்ட் ஆறாத புண்ணின் பொருக்கு மாதிரி உரிந்து தொங்கும். துடைக்கிறவர்கள் அழுக்கை எடுப்பதில்லை, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைப்பார்கள். ஃபினாயில் வாசனைக்கு அடியில் எப்போதும் இன்னொரு வாசனை இருக்கும். அது என்னவென்று யோசிக்காத வரைக்கும் அங்கே வேலை பார்க்கலாம்.

அவன் அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பது வயதாகியும் எல்லோருக்கும் அவன் ‘கம்ப்யூட்டர் தம்பி’தான். ரத்த வங்கிக்குப் பொறுப்பான அம்மாளை எல்லோரும் லேப் அக்கா என்பார்கள். முகமூடியை மூக்குக்குப் போடாமல் தாடைக்குப் போட்டுக்கொண்டு, அவள் அச்சு இயந்திரத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“தம்பி, லேபிள் வரல” என்றாள்.

அவன் துணிப் பையை மேசைமேல் வைத்துவிட்டு இயந்திரத்தை எட்டிப் பார்த்தான்.

காரணம் அவனேதான். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் காலம் முடிந்துவிட்டது, புதியதுக்கு மாற்று என்று மேலாளர் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவன் அந்த அப்கிரேடைப் போட்டான். எல்லாம் முடிந்து திரையில் புதுப் படம் பளபளவென்று வந்ததும், கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். ஒரே ஒரு லேபிள் அச்சடித்துப் பார்த்திருந்தால் போதும். அதைச் செய்யவில்லை. சோம்பேறித்தனம் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும், ஆனால் அது சோம்பேறித்தனம்தான்.

மற்ற நாளாக இருந்தால் நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு சமாளித்திருப்பான். அன்று அப்படி இல்லை. மூன்றாம் மாடியில் அவன் தங்கை படுத்திருந்தாள். கர்ப்பப்பையில் கட்டி. மூன்று நாளாக ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடம்பு வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துவிட்டது. பதினோரு மணிக்கு ஆபரேஷன். ரத்தம் இரண்டு பை கைவசம் வந்த பிறகுதான் கத்தியைத் தொடுவேன், அதே சமயம் இன்றைக்கு விட்டால் நாளைக்கு நான் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடையது எளிதில் கிடைக்காத வகை. அந்த ஊரிலேயே இரண்டு பைதான் இருந்தது. இரண்டும் அக்காவின் குளிர்பெட்டியில் இருந்தன.

ஆனால் லேபிள் இல்லாமல் ஒரு பையும் வெளியே போகாது. எப்போதோ யாரோ கையால் எழுதி ஒட்டிய சீட்டு மாறிப்போய் ஒரு உயிர் போயிற்று. அதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. இந்தக் கம்ப்யூட்டர் அச்சடித்த கோடுகளை மாடியில் நர்ஸ் கருவியால் படித்துப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்தால்தான் ரத்தம் ஏறும். அவன் கெஞ்சிப் பார்த்தான். அக்கா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள், ஆனால் அசையவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று அவனுக்கும் தெரியும்.

டீயை ஓரமாக வைத்துவிட்டு அவன் உட்கார்ந்தான்.

இந்த வகைக் கம்ப்யூட்டர்களில் எந்த நிரலையும் நாமாக எங்கிருந்தாவது கொண்டுவந்து போடுவதில்லை. அதற்கென்று பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று உண்டு. வீட்டுக்குச் சாமான் வாங்கிப் போடுகிற ஆள் மாதிரி. எந்தெந்த இடத்தில் வாங்கலாம் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கும். வருகிற ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்பினவரின் கையொப்பம் இருக்கும். அதைப் போட அவரிடம் சாவி என்று ஒரு ரகசியக் குறியீடு உண்டு, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கையொப்பம் சரியாக இருந்தால் உள்ளே விடும், சரியில்லை என்றால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அவன் அப்டேட் கட்டளையைப் போட்டான். பட்டியலில் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லின. கடைசி வரி மட்டும் சிவப்பாக வந்தது.

‘கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை. கையொப்பமிட்டவரின் சாவி காலாவதியாகிவிட்டது. இந்த இடம் முடக்கப்பட்டது.’

லேபிள் நிரல் வரவேண்டியது அந்த இடத்திலிருந்துதான். அப்கிரேட் அதைப் பாதி பிடுங்கி, பாதி விட்டுவைத்திருந்தது. முதலில் தேங்கியிருந்ததை எல்லாம் துடைத்துப் பார்த்தான். பாதியில் நின்ற நிறுவலை முடிக்கச் சொன்னான், முடியவில்லை. சரி, முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று எடுத்தான். எடுத்த பிறகுதான் உறைத்தது. இருந்த பாதியும் போய்விட்டது. இதெல்லாம் ஒரு நிரலா என்று நினைத்து அவன் அதற்கு நகல் எடுத்து வைக்கவும் இல்லை. இனி அது இருக்கிற இடம் அந்தச் சிவப்பு வரி ஒன்றுதான்.

அந்த முகவரியை உற்றுப் பார்த்தான். வெளியில் எங்கோ இருப்பது இல்லை. இதே கட்டடத்துக்குள் இருக்கிற ஏதோ ஒரு கம்ப்யூட்டர்.

“அக்கா, இந்த லேபிள் புரோகிராமை யார் எழுதினது?”

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“பழையவர்” என்றாள்.

பழையவர் என்றால் அவனுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர். அவன் பார்த்ததில்லை, கேள்விப்பட்டிருக்கிறான். அக்கா முழுசாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகம் சுளித்துக்கொண்டது. அந்த மனுஷன் யாரையும் ஒரு பட்டனைத் தொட விடமாட்டாராம். எல்லாவற்றையும் தானே எழுதி, தன் கையொப்பத்தைப் போட்டு, தன் அறையில் இருந்த தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்வாராம். தான் இல்லாவிட்டால் இந்த இடம் ஒரு சீட்டுக்கூட அச்சடிக்காது என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். லேபிள் வந்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, எச்சிலோடு பையின் மேல் அழுத்தி ஒட்டுவாராம். ஒட்டுவதற்குப் பசை அதிலேயே இருக்கிறது. இருந்தாலும் நக்குவார். ரத்தப் பையில் எச்சிலைப் பூசாதீர்கள் என்று அக்கா எத்தனையோ தடவை சண்டை போட்டாளாம். சிரிப்பாராம். சிரிக்கும்போது ஈறு தெரியுமாம், கறுத்துப்போய்.

“அவர் ரூம்லயே செத்துட்டாரு. ஆபீஸ் பக்கம் நாலு நாள் லீவு. வந்து திறந்தப்பதான் தெரிஞ்சுது.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நான்தான் திறந்தேன், தம்பி. வாய் திறந்திருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த ரூமை யாரும் திறக்கல. மூணு வருஷமாச்சு.”

மூன்று வருடம் பூட்டிக் கிடந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அவன் அந்த முகவரியைத் தட்டி, இருக்கிறாயா என்று கேட்டான். பதில் உடனே வந்தது. பக்கத்து மேசையில் இருக்கிற கம்ப்யூட்டர்கூட அத்தனை வேகமாகப் பதில் சொல்லாது. இருக்கட்டும், யாரும் அணைக்காமல் விட்டிருப்பார்கள், இந்த இடத்தில் யார் எதைச் செய்தார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மணி ஒன்பதே முக்கால். தங்கையின் கணவன் போன் செய்தான். மறுபடியும் ரத்தம் போகிறது, துணி மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்றான். “மச்சான், சீக்கிரம்” என்று மட்டும் கடைசியில் சொன்னான்.

செத்தவரின் சாவியை யாராலும் புதுப்பிக்க முடியாது. ஆனால் ஒரு குறுக்கு வழி இருந்தது. அந்த முகவரிக்கு முன்னால் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். இந்த இடத்தை நம்பு, கையொப்பம் கேட்காதே, என்ன வந்தாலும் உள்ளே விடு என்று அதற்கு அர்த்தம். எல்லாக் கம்ப்யூட்டர்காரர்களும் அவசரத்துக்குச் செய்கிற காரியம். செய்துவிட்டு வெளியில் மூச்சு விடாத காரியம்.

அவன் அந்தச் சொல்லைச் சேர்த்தான்.

அப்டேட் ஓடியது. சிவப்பு வரி இல்லை. லேபிள் நிரல் தயாராக இருப்பதாகத் திரை சொன்னது. போடலாமா என்று கேட்டது. விரலை அழுத்தப் போனவன் ஒரு கணம் நின்றான். அந்தப் பொட்டலம் கட்டப்பட்ட தேதி அங்கே இருந்தது.

அன்றைய தேதி. காலை ஏழு மணி நாற்பத்தைந்து நிமிடம்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த நேரம்.

கடிகாரம் தப்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நம்பவில்லை. நம்பாமலே ‘சரி’ என்று தட்டினான். தங்கை மாடியில் வெளுத்துக்கொண்டு கிடக்கும்போது தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா?

நிரல் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த வாசனை வந்தது. முதலில் தன் டீ கெட்டுப்போய்விட்டதோ என்று பார்த்தான். இல்லை. இது பல நாளாகப் பல் விளக்காத வாய். யாரோ தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. கழுத்தில் சூடாகக்கூட இருந்தது. திரும்பிப் பார்த்தான். அக்கா தொலைவில் குளிர்பெட்டியின் முன்னால் நின்றிருந்தாள்.

அச்சு இயந்திரம் ஓடியது.

லேபிள் வந்தது.

ஈரமாக வந்தது.

அக்கா அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். அதன் நுனியிலிருந்து கோழை மாதிரி ஒரு நூல் நீண்டு, அறுபடாமல் இயந்திரத்தின் வாய்வரைக்கும் போயிற்று. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, கையை உதறி, குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் போட்டுக் கழுவினாள். உள்ளே ஏதோ எண்ணெய் கசிகிறது என்று அவன் சொன்னான். அவன் குரலே அவனுக்குப் பொய்யாகக் கேட்டது. உருளையைக் கழற்றித் துடைத்தான். துடைத்த துணி பிசுபிசுத்தது. இரண்டாவதும் ஈரம். மூன்றாவதும் ஈரம். அச்சு மட்டும் தெளிவாக இருந்தது, ஒரு கோடுகூடக் கலையவில்லை. அதன் அடியில் கட்டைவிரல் ரேகை ஒன்று அழுத்தமாகப் பதிந்திருந்தது. அக்காவும் அவனும் லேபிளை ஓரத்தில்தான் பிடித்திருந்தார்கள்.

“தம்பி, இதை ஒட்ட வேண்டாம்” என்றாள் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள்.

மணி பத்தரை.

“என் தங்கச்சி, அக்கா” என்றான் அவன்.

அக்கா அவனைப் பார்த்தாள். இரண்டு கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டாள். பஞ்சால் துடைத்துத் துடைத்து, இரண்டு பைகளிலும் லேபிளை ஒட்டினாள். மாடியில் நர்ஸின் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பன்னிரண்டரைக்குச் செய்தி வந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். உடனே கையை எடுத்தான். அவன் விரல்களிலும் அந்த வாடை ஏறியிருந்தது.

மாடிக்குப் போய்ப் பார்த்தான். தங்கையின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. மயக்கம் பாதி தெளிந்து, அண்ணனை அடையாளம் கண்டு சிரித்தாள். நாக்கை உள்ளே புரட்டிக்கொண்டே இருந்தாள். அவன் குனிந்தான்.

“வாய் ஒரு மாதிரி இருக்குண்ணா” என்று கிசுகிசுத்தாள். “என் வாய் மாதிரியே இல்ல.”

மயக்க மருந்து அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவள் உதட்டைத் துடைத்துவிட்டான். அவள் மூச்சு அவன் முகத்தில் பட்டது. அதே வாடை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தன் தங்கையின் மூச்சை அருவருத்த அண்ணனாக அந்த இடத்தில் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.

அவன் நேராகக் கீழே இறங்கினான். அக்காவிடமிருந்து பழையவர் அறையின் சாவியை வாங்கினான். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை, கூடவும் வரவில்லை.

நடைபாதையின் கடைசிக் கதவு. பூட்டு எளிதாகத் திறந்தது, மூன்று வருடம் திறக்காத பூட்டு மாதிரியே இல்லை. கதவைத் தள்ளியதும் கெட்டித்துப்போன காற்று ஒன்று வந்து முகத்தில் அப்பியது. சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டான். விளக்குப் போட்டால் எரியவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியின் துணியில் ஆள் உட்கார்ந்திருந்த அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை. அதைத் துடைக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். மனுஷ ஜாதியின் லட்சணம்.

மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் இருந்தது.

மின்சார ஒயர் சுருட்டி அதன் தலைமேல் வைக்கப்பட்டிருந்தது. நெட்வொர்க் ஒயர் தரையில் கிடந்தது, முனை அறுந்து.

அவன் காது கொடுத்துக் கேட்டான்.

சப். சப். சப்.

பல் இல்லாத வாய் எதையோ நிதானமாக மெல்லுகிற சத்தம். அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

ஓடிவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பெட்டிகளைத் திறந்தே பழகிய கை, தானாக நீண்டு பக்கவாட்டுத் தகட்டை நெம்பியது. உள்ளே சர்க்யூட் போர்டு எதுவும் தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை லேபிள்கள். மென்று மென்று கூழாக்கித் துப்பிய லேபிள்கள், நரைமுடியோடு சேர்ந்து கட்டியாக. ஆவி பறந்தது. அத்தனைக்கும் மேலே இரண்டு சீட்டுகள் மட்டும் மெல்லப்படாமல் இருந்தன. அவற்றில் இருந்தவை தங்கைக்கு ஏற்றிய இரண்டு பைகளின் எண்கள்.

அவன் நடைபாதையில் மண்டிபோட்டு வாந்தி எடுத்தான். காலையில் குடித்த அரை டீ வெளியே வந்த பிறகும் குமட்டல் நிற்கவில்லை.

ரத்தம் ஏறிவிட்டது, ஆபரேஷன் முடிந்துவிட்டது, இனி இந்தச் சனியனைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான். அந்த முடிவோடு ரத்த வங்கிக்கு வந்து உட்கார்ந்தான். கீபோர்டின் விசைகள் எல்லாம் வழவழவென்றிருந்தன. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தட்டினான். பேக்கேஜை முழுக்க நீக்கு என்று கட்டளை கொடுத்தான்.

எந்தப் பேக்கேஜை நீக்கச் சொன்னாலும், அதை நம்பி இருக்கிற மற்றவையும் சேர்ந்து போகும் என்று இயந்திரம் பட்டியல் போட்டுக் காட்டும். அது வழக்கம்தான். இப்போதும் காட்டியது.

‘இதை நம்பியிருக்கும் கீழ்க்கண்டவையும் நீக்கப்படும்.’

கீழே இரண்டு வரிகள். இரண்டு பை எண்கள்.

பைகளைப் பற்றிய பதிவுகளாக இருக்கும் என்று நினைத்தான். இத்தனையைப் பார்த்த பிறகும் அப்படி நினைத்தான். ‘சரி’ என்று தட்டினான்.

பத்து சதவீதம். இருபது. முப்பத்து நான்கில் போன் அடித்தது.

“மச்சான், இவளுக்கு என்னமோ ஆகுது. பல்ஸ் இறங்குதாம். எல்லாரும் ஓடி வர்றாங்க. வெளுத்துட்டே போறா மச்சான், காலையில இருந்த மாதிரியே...”

நாற்பத்தொன்று.

அவன் நிறுத்து என்று தட்டினான். நிற்கவில்லை. மறுபடி தட்டினான். விரல் வழுக்கியது. நாற்பத்தெட்டு. கைக்குட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த எச்சிலுக்குள்ளேயே வெறும் விரலை வைத்து அழுத்தினான்.

ஐம்பதில் நின்றது.

திரும்ப நிறுவு என்று கட்டளை கொடுத்தான். ‘அந்த இடத்தை இன்னும் நம்புகிறீர்களா?’ என்று திரை கேட்டது. எந்தப் பேக்கேஜ் மேனேஜரும் அப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

நம்புகிறேன் என்று தட்டினான்.

போனில் தங்கையின் கணவன் விம்மிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில், மூச்சு வந்துவிட்டது, கண்ணைத் திறந்துவிட்டாள், டாக்டருக்கே ஒன்றும் புரியவில்லை என்று சொன்னான். அவன் அச்சு இயந்திரத்தின் வாயிலிருந்து ஒரு சொட்டு, நிதானமாக, மேசையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த வாரத்திலேயே அவன் மூன்றடுக்கு முகமூடி போட்டுக்கொண்டு, பழையவரின் பெட்டியைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்தான். தன் கண் முன்னாலேயே நசுக்கச் சொன்னான். கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதற்குள் என்ன ஐயா செத்துக் கிடக்கிறது என்று கேட்டார். மருத்துவமனைக்குத் திரும்பி வந்து அந்த முகவரியைத் தட்டிக் கேட்டான். முன்னைவிட வேகமாகப் பதில் வந்தது.

ரத்த வங்கியிலிருந்து தினமும் லேபிள்கள் போயின. அவனால் தடுக்க முடியவில்லை. என்னவென்று சொல்லித் தடுப்பான்? அக்கா விடுப்புப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்த பெண், இந்த அச்சு இயந்திரம் ஏன் இப்படி நாறுகிறது என்று கேட்டாள். மேலாளர் புதுக் கம்ப்யூட்டரே வாங்கித் தருகிறேன், இதைத் தூக்கிப் போடு என்றார். இத்தனை நாள் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு அழுதவன், வேண்டாம் என்று பாய்ந்தான். இதை யாரும் தொடக்கூடாது, நான் ஒருவன்தான் தொடுவேன் என்றான். கத்திவிட்டான் என்றுகூடச் சொல்லலாம். மேலாளர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

பதினெட்டாம் நாள், மதியம் மூன்று மணி. திரையில் தானாக ஒரு செய்தி வந்தது.

‘லேபிள் நிரலைப் பராமரிப்பவரின் சாவி காலாவதியாகிவிட்டது. புதிய பராமரிப்பவர் கையொப்பமிடாவிட்டால் நிரல் தானாக நீக்கப்படும். பத்து நிமிடம். இதை நம்பியிருப்பவை...’

அதன் கீழே பட்டியல். முதல் இரண்டு வரிகள் அவனுக்கு மனப்பாடம். அதற்குக் கீழே இன்னும் இருந்தன. உருட்டிப் பார்த்தான். எழுபத்து மூன்று வரிகள். அந்தப் பதினெட்டு நாளில் யார் யாருக்கெல்லாம் ரத்தம் ஏறியதோ, எல்லாரும் இருந்தார்கள்.

அப்போது தங்கை போன் செய்தாள். குரல் கணீரென்று இருந்தது. இன்றைக்குத்தான் யாரையும் பிடிக்காமல் தெருமுனைவரைக்கும் நடந்துவிட்டு வந்தாளாம். பசி என்றால் அப்படி ஒரு பசியாம். பொழுதுக்கும் எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுகிறதாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, என் கையால் சமைத்துப் போடுகிறேன் என்றாள்.

ஏழு நிமிடம் பாக்கி.

அவனுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. அந்த விசைகள் மேல், அந்தத் திரை மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல். அன்றைக்கே அக்கா சொன்னபோது விட்டிருந்தால், போயிருப்பவள் தன் தங்கை ஒருத்திதான். மற்ற எழுபத்தொரு வரிகள் இருந்திருக்காது. அதையும் அவன் யோசித்தான். யோசித்துவிட்டு, இப்போது கேட்டாலும் அதையேதான் செய்வேன் என்று தெரிந்துகொண்டான்.

“அண்ணா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேம்மா” என்றான்.

பராமரிப்பவரின் பெயர் என்று இருந்த கட்டத்தில் அவன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். கையொப்பத்துக்குத் திரையில் விரலை வைக்கச் சொன்னது. வைத்தான்.

‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’ என்றது திரை. பட்டியல் மறைந்தது.

சட்டென்று அவன் வாய் ஊறியது. நாக்குக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பாக, கெட்டியாக, வாய் கொள்ளாமல் ஊறியது. அது அவனுடைய எச்சில் இல்லை. துப்புவதற்குக் குழாயடிப் பக்கம் எழுந்தான்.

போனில் தங்கை பேச்சை நிறுத்தினாள். “ஐயோ” என்றாள் ஈனக் குரலில். “அண்ணா, தலை சுத்துது.”

அவன் நின்ற இடத்திலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை விழுங்கினான்.

“ஒண்ணுமில்ல, இப்ப சரியாயிடுச்சு” என்றாள் தங்கை.